கூடத்தில் மாட்டிய வைஃபை பெட்டி

நான் வைஃபை மாட்டுகிறவன். தஞ்சாவூரில் லாட்ஜ், ஆஸ்பத்திரி, கல்யாண மண்டபம், ஹாஸ்டல் என்று எங்கே கூப்பிட்டாலும் போவேன். இருபது வருஷமாக இதுதான் வேலை. பெருமைக்குச் சொல்லவில்லை. தெரியாமல் செய்த தப்பு என்று பிறகு யாரும் சொல்லிவிடக் கூடாது, அதற்காகச் சொல்கிறேன்.

போன ஆடியில் தம்பி போன் செய்தான். அவன் குவைத்தில் இருக்கிறான். மூன்று வருஷமாக ஊருக்கு வரவில்லை. அப்பா பக்கவாதம் வந்து படுத்ததற்கும் வரவில்லை.

"அண்ணே, எனக்கு வெள்ளிக்கிழமை ஒரு நாள்தான் லீவு. அன்னைக்கு அப்பாவைப் பாக்கலாம்னா பின்னறையில சிக்னலே எடுக்கல. அம்மா போனைத் தூக்கிட்டு வாசலுக்கு ஓடியாருது. நான் வாசலையா பாக்கணும்? நீ உள்ள ஒரு பெட்டி மாட்டிக் குடேன்."

"நீ வந்து பாரேன்."

"லீவு குடுக்க மாட்டேங்கிறாங்கண்ணே."

"சிக்னல் மட்டும் குடுக்குறாங்களோ?"

அவன் சிரித்தான். நான் சிரிக்கவில்லை.

வீடு ஒரத்தநாட்டுப் பக்கம். முன்னறை, கூடம், பின்னறை என்று ரயில் பெட்டி மாதிரி ஒன்றன் பின் ஒன்றாக இருக்கும். சுவர் ஒவ்வொன்றும் ஒன்றரை அடி கனம். இன்டர்நெட் ரவுட்டர் முன்னறையில். அப்பா பின்னறையில். அவருக்குப் பேச்சு போய்விட்டது. ஒரே ஒரு வார்த்தை மிச்சம் இருந்தது: "சாப்டியா?" அதையும் போனில் தம்பி முகத்தைப் பார்த்தால்தான் சொல்வார். நான் எதிரே போய் நின்றால் சுவரைப் பார்ப்பார். எங்களுக்குள் பழைய சண்டை. அதை இங்கே எழுத விருப்பமில்லை.

வேலை பெரிய வேலை இல்லை. ரவுட்டரிலிருந்து ஒரு கேபிளை இழுத்து, சிக்னல் தேவைப்படும் இடத்தில் இன்னொரு பெட்டியை மாட்ட வேண்டும். அதற்குப் பெயர் ஆக்ஸஸ் பாயின்ட். பழைய பெயரையும் பாஸ்வேர்டையுமே அதற்கும் கொடுத்துவிட்டால் போன் தானாகப் பிடித்துக்கொள்ளும். போன்களுக்கு முகவரி கொடுக்கிற வேலையை ரவுட்டர் மட்டும் செய்ய வேண்டும். புதுப் பெட்டியில் அதை அணைத்துவிட வேண்டும், இல்லாவிட்டால் இரண்டும் முட்டிக்கொள்ளும். ஒரு மணி நேரம் ஆகும்.

பெட்டியை மாட்ட வேண்டிய இடம் பின்னறைதான். அதில் சந்தேகமே கிடையாது. வேறு யார் வீடாக இருந்தாலும் அங்கேதான் மாட்டியிருப்பேன். ஆனால் அதற்கு ஒன்றரை அடிச் சுவரைத் துளைக்க வேண்டும். அப்பாவின் தலைமாட்டில் ஸ்டூல் போட்டு அரை மணி நேரம் நிற்க வேண்டும். எனக்கு அது வேண்டாம் என்று இருந்தது. கூடத்தோடு நிறுத்திவிட்டேன்.

கூடத்திலும் நல்ல இடம் ஒன்று இருந்தது. பின்னறைக் கதவுக்கு நேர் எதிரே, மாதா படத்துக்கு மேலே. அம்மா விடவில்லை.

"மாதாவுக்கு மேல எதையும் மாட்டாதே."

"பச்சை லைட்டு எரியும்மா. மாதாவுக்கு விளக்கு போட்ட மாதிரி இருக்கும்."

"வாயிலயே போடுவேன். அந்தப் பக்கமா மாட்டு."

அந்தப் பக்கமாக, பக்கச் சுவரில், ஆள் உயரத்தில் மாட்டினேன். பின்னறைக்குப் போய் போனைப் பார்த்தேன். சிக்னல் நன்றாக இருந்தது. அந்த வெள்ளிக்கிழமை தம்பி முகம் தெளிவாக வந்தது. அப்பா "சாப்டியா" என்றார். அவன் "சாப்டேன்ப்பா" என்றான். அவ்வளவுதான் பேச்சு. ஆறு மாதம் அது நடந்தது.

ஆடியில் எங்கள் கூடத்தில் ஒரு சாக்குகூட இருக்காது. தையில் அந்தப் பக்கச் சுவரே தெரியாது. சம்பா அறுத்ததும் நெல் மூட்டை அங்கேதான் ஏறும், உத்திரம் வரைக்கும். சின்ன வயதில் அந்தச் சுவரோரம் மூட்டை அடுக்கி முதுகு ஒடிந்தவன் நான். இருந்தும் மாட்டும்போது தோன்றவில்லை.

இந்தத் தையில் அறுவடை நேரத்தில் மழை. எங்கள் நெல்லோடு சித்தப்பா நெல்லும் கூடத்துக்கு வந்துவிட்டது. அவர் வீடு ஒழுகும். ஈரம் முழுசாகப் போகாத நெல். வைஃபை அலையைத் தண்ணீர் குடித்துவிடும். செங்கல் சுவரைக்கூட அலை கொஞ்சம் தாண்டும். ஈர நெல் மூட்டையை நாலு வரிசை அடுக்கினால் தாண்டாது.

அம்மா போன் செய்தது ஒரு வெள்ளிக்கிழமை மத்தியானம்.

"ஏம்ப்பா, தம்பி முகமே தெரியல. ஒரு வட்டம் மட்டும் சுத்துது."

"கூடத்துல என்ன இருக்கு?"

"நெல்லுதான். நடக்க வழியில்ல. வியாபாரி லாரி வந்தாத்தான் எடுப்பாங்க."

அந்த நிமிஷமே எனக்குத் தெரிந்துவிட்டது. சொல்லியிருக்கலாம். தஞ்சாவூரிலிருந்து முக்கால் மணி நேரப் பயணம். வண்டியில் கேபிளும் இருந்தது, டிரில்லும் இருந்தது.

"சுவிட்சை அணைச்சுப் போடும்மா," என்றேன்.

அம்மா மூட்டை மேல் ஏறி, கையை உள்ளே விட்டு, பெட்டியின் சுவிட்சை அணைத்துப் போட்டது. அறுபத்தெட்டு வயது. அடுத்த வெள்ளியும் போன் செய்தது. அதையே சொன்னேன். அதற்கடுத்த வெள்ளியும். தம்பி தனியாகப் போன் செய்தான். "வேலை இருக்கு, பாக்கிறேன்" என்றேன். பார்க்க வேண்டும் என்றால் விமானம் ஏறி வரட்டும் என்று நினைத்தேன். அவன் தேவைக்கு நான் ஓட வேண்டுமா என்று நினைத்தேன். இவ்வளவுதான் காரணம். இதைவிட நல்ல காரணம் ஒன்று தேடிப் பார்த்தேன். இல்லை.

ஐந்தாவது வாரம், ஒரு புதன்கிழமை, சித்தப்பா கூப்பிட்டார்.

"அண்ணனுக்கு நேத்திலேருந்து கஞ்சி எறங்கல. கண்ணு ஒரு இடத்துல நிக்கல. டாக்டர் வந்து பாத்துட்டு திரும்ப அட்டாக் வந்திருக்குன்னாரு. தூக்கிட்டுப் போய் பிரயோசனமில்லைன்னுட்டாரு."

"சரி."

"என்னடா சரி? ஊருக்கெல்லாம் வைஃபை மாட்டுற. உன் வீட்ல வட்டம் சுத்துது. அந்தப் புள்ள அங்க அழுவுறான். வந்து பாக்க மாட்டியா?"

வெள்ளிக்கிழமை காலையில் போனேன். கூடத்தில் நடக்க இடமில்லை. மூட்டை மேல் படுத்து, பெட்டியைக் கழற்றி எடுத்தேன். கையெல்லாம் நெல் சுணை அரித்தது. கேபிளை உத்திரத்தோடு நீட்டி, பின்னறைச் சுவரைத் துளைத்தேன். ஸ்டூல் அப்பாவின் தலைமாட்டில்தான் போட வேண்டியிருந்தது. டிரில் சத்தத்துக்கு அவர் அசையவில்லை. செங்கல் தூள் அவர் தலையில் விழுந்தது. அம்மா துண்டைப் போட்டு மூடியது.

"போன வெள்ளி வரைக்கும் நல்லாத்தான்பா இருந்தாரு," என்றது அம்மா. "தம்பி கூப்பிடுற நேரம் தெரியும் அவருக்கு. போனைக் காட்டுன்னு கையை ஆட்டுவாரு. காட்டினா வட்டம் சுத்தும். அதைப் பாத்தே சாப்டியா சாப்டியாங்கிறாரு."

நான் கேபிள் முனையில் கிளிப்பை வைத்து அழுத்திக்கொண்டிருந்தேன். எட்டு கம்பி, எட்டு நிறம், வரிசை மாறக் கூடாது. மாறவில்லை. எனக்கு ஒன்றும் ஆகவில்லை. அழுகை வரும் என்று எதிர்பார்த்தேன், வரவில்லை. பெட்டியை மாட்டினேன். பச்சை விளக்கு வந்தது.

மத்தியானம் தம்பி கூப்பிட்டான். முகம் கண்ணாடி மாதிரி வந்தது. அவன் பின்னால் சுவரில் தொங்கிய சட்டையின் கோடுகூடத் தெரிந்தது. அம்மா போனை அப்பா முகத்துக்கு நேரே பிடித்தது.

"அப்பா. அப்பா, இங்க பாருங்க."

அப்பா கண் மேலே எங்கேயோ இருந்தது. அம்மா அவர் தாடையைப் பிடித்துத் திருப்பியது. கண் திரும்பவில்லை.

"அண்ணே, நான் தெரியுறனா?"

அம்மாவிடமிருந்து போனை வாங்கிப் பார்த்தேன். சிக்னல் முழுசாக இருந்தது. "தெரியுற," என்றேன்.

"சத்தம் கேக்குதா?"

"கேக்குது."

"இத்தனை வாரம் என்னண்ணே ஆச்சு?"

"நெல்லு மூட்டை அடைச்சிடுச்சு."

"இன்னைக்கு வந்துதான் தெரிஞ்சுதா?"

சித்தப்பா வாசற்படியில் நின்று என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார். அம்மாவும் பார்த்தது. "ஆமா," என்றேன்.

போனைத் திரும்ப அப்பா பக்கம் பிடித்தேன். தம்பி முகத்தைத் திரைக்குக் கிட்டே கொண்டுவந்தான். பிறகு, யாரும் கேட்காமலே, "சாப்டேன்ப்பா," என்றான். ஒரு தடவை. கொஞ்சம் கழித்து இன்னொரு தடவை.

அவன் வைத்துவிட்ட பிறகு, துளையில் கேபிளைச் சுற்றி இருந்த இடைவெளியைச் சிமெண்ட் வைத்துப் பூசினேன். அப்பாவின் முடியில் தூள் இருந்தது. துண்டால் தட்டிவிட்டேன். அவர் சுவரைப் பார்க்கவில்லை. என்னையும் பார்க்கவில்லை. கீழே இறங்கி, கூடத்துச் சுவரில் பெட்டியை முதலில் மாட்டிய ஆணி நின்ற இடத்தைப் பார்க்கப் போனேன். மூட்டை மறைத்திருந்தது.