முகூர்த்தப் புடவையும் ஒரு சாக்லேட்டும்

சில வருடங்களுக்கு முன், ஓர் ஆவணி மாதம். என் மகளுக்கு முகூர்த்தப் புடவை எடுக்க மாப்பிள்ளை வீட்டார் சென்னையிலிருந்து காஞ்சிபுரம் வந்திருந்தார்கள். நாங்கள் ஐயம்பேட்டை. ஷேர் ஆட்டோ பிடித்து, அவர்களுக்கு முன்பே கடைக்குப் போய் உட்கார்ந்துவிட்டோம்.

என் மகளுக்கு சீலியாக் என்று ஒரு கோளாறு. கோதுமை, பார்லி கொஞ்சம் உள்ளே போனாலும் குடல் புண்ணாகும், வயிறு புரட்டிவிடும். சப்பாத்தி, பிஸ்கட்டை நிறுத்துவது சுலபம். சாக்லேட்தான் வம்பு. பார்த்தால் வெறும் சாக்லேட்டாக இருக்கும். உறையின் பின்னால் பொடி எழுத்தில் மால்ட் என்று போட்டிருக்கும். அது பெரும்பாலும் பார்லி. எதையும் திருப்பிப் படிக்காமல் வாயில் போடாதே என்று அவளைப் பழக்கியதே நான்தான்.

அந்த நானே, பெண் பார்க்க வந்தவர்களிடம் இதைப் பற்றி மூச்சு விடவில்லை. சீக்காளிப் பெண் என்று சம்பந்தம் தட்டிப் போய்விடுமோ என்ற பயம். "தாலி ஏறட்டும், அப்புறம் சொல்லிக்கலாம்" என்று அவளிடம் சத்தியமே வாங்கியிருந்தேன்.

கடையில் பாய் விரித்துப் புடவைகளைக் குவித்தார்கள். சம்பந்தி அம்மா பையிலிருந்து ஒரு சாக்லேட்டை எடுத்து, "வாய இனிப்பாக்கிக்கினு அப்புறம் புடவையப் பாரும்மா" என்று அவளிடம் நீட்டினார். இவள் வழக்கம்போல உறையைத் திருப்பினாள். மாப்பிள்ளையின் சித்தி சிரித்தார்.

"இன்னாம்மா, விலையா பாக்கற?"

எனக்கு முகம் சுண்டிப்போனது. புடவைக் குவியலுக்கு அடியில் கையை விட்டு அவள் தொடையைக் கிள்ளினேன். என்னை ஒரு பார்வை பார்த்தாள். பிறகு தின்றுவிட்டாள்.

ஒரு மணி நேரம் போயிருக்கும். அரக்குப் புடவையைத் தோளில் போட்டுக் கண்ணாடி முன் நின்றவள், வாயைப் பொத்திக்கொண்டு கழுவுமிடத்துக்கு ஓடினாள். சொல்லவே கூசுகிறது, என் கண் முதலில் போனது புடவை மேல்தான், கறை பட்டுவிட்டதோ என்று. அவள் பின்னால் ஓடியது சம்பந்தி அம்மா.

"கல்யாணப் பொண்ணு வாந்தி எடுக்குதே..." என்று சித்தி இழுத்தார். அந்த இழுப்பின் அர்த்தம் எனக்குப் புரிந்தது. அப்போதும் என் வாய் திறக்கவில்லை. திரும்பி வந்து சுவரைப் பிடித்துக்கொண்டு நின்ற மகள்தான் சொன்னாள்.

"எனக்கு கோதுமை, பார்லி ஆவாதுங்க அத்தை. அந்த சாக்லேட்ல இருந்துது. அம்மா சொல்ல வேணாம்னாங்க."

சித்தி தலையைக் குனிந்துகொண்டார். சம்பந்தி அம்மா கீழே கிடந்த உறையை எடுத்து, "இதுல எங்கம்மா பாக்கணும்?" என்று அவளிடம் கேட்டுக் கண்ணைச் சுருக்கிப் படித்தார். பிறகு என் பக்கம் திரும்பினார்.

"ஒரு வார்த்தை சொல்லியிருந்தா கல்கண்டு வாங்கியாந்திருப்பேனே, சம்பந்தி."

அவர் குரலில் கோபமே இல்லை. திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். அத்தனை பேர் நடுவில் பூமிக்குள் புதைந்துவிடலாம் போலிருந்தது.

கல்யாணம் நல்லபடியாக நடந்தது. மகள் சந்தோஷமாக இருக்கிறாள். போன தீபாவளிக்கு எல்லோரும் எங்கள் வீட்டுக்கு வந்திருந்தபோது, மாமியார் கொடுத்த சாக்லேட்டைப் பிரித்து அப்படியே வாயில் போட்டுக்கொண்டாள். நான் கொடுத்ததை மட்டும் திருப்பிப் படித்துப் பார்த்துவிட்டுத்தான் பிரித்தாள். அவள் படித்து முடிக்கும்வரை, பெற்ற தாய் நான், நிமிர்ந்து அவள் முகத்தைப் பார்க்க முடியாமல் நின்றேன்.