வீட்டுக்கு வந்து சொல்லாத விளையாட்டு

மொன்றியலை விட்டு ஒருவர் டொரன்டோவுக்குக் குடிபோனால் எங்கள் ஆட்கள் பிரியாவிடை வைப்பார்கள், கேக் வெட்டுவார்கள், அவர் போனபிறகு "அங்கை போய் என்னத்தைக் கிழிக்கப்போறாராம்" என்று கதைப்பார்கள். போன இலையுதிர்காலத்தில் ஒருவர் போனபோது மட்டும் என் கணவர் கோப்பையில் சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தார். போனவர் சொந்தமுமில்லை, ஊரவருமில்லை. இவர்களுடைய பேஸ்பால் அணியின் ஒரே கேட்சர்.

பேஸ்பால் தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். ஒருவர் பந்தை எறிவார். எதிரணிக்காரர் மட்டையோடு நிற்பார். அவருக்குப் பின்னால் முகமூடி, நெஞ்சுக் கவசம் எல்லாம் மாட்டிக்கொண்டு ஒருவர் குந்தியிருந்து, அடிபடாமல் வருகிற பந்தையெல்லாம் பிடிப்பார். அந்தக் குந்தியிருப்பவர்தான் கேட்சர். எறிகிறவர் என் கணவர். ஐம்பதை நெருங்கியும் நல்ல வேகமாக எறிவார், பொய் சொல்லக்கூடாது. ஆனால் பிடிக்க ஆளில்லாவிட்டால் எவ்வளவு வேகமாக எறிந்தும் என்ன, வேலிக்குத்தான் எறியவேண்டும்.

அணியில் எல்லோரும் பழைய கிரிக்கெட்காரர்கள். சென்ட் லோரன்டில் எங்கள் வீட்டுக்குக் கிட்ட இருக்கிற பூங்காவில் பேஸ்பால் மைதானம் மட்டும்தான் இருந்தது, அதனால் அதைப் பழகிக்கொண்டார்கள். மாலைநேரப் போட்டிகள். ஆண், பெண் யாரும் விளையாடலாம். ஓர் அணியில் மாமியாரும் மருமகளும் சேர்ந்தே விளையாடுகிறார்கள். எங்கள் அணியில் பெண்களின் பங்கு ரோல்ஸ் பொரித்துக் கொடுப்பது.

கோடையில் ஒருநாள் கேட்சருக்குக் கால் பிரண்டு, மாற்று ஆளில்லாமல் ஆட்டம் பாதியில் நின்றது. போட்டியை நடத்துகிறவர்கள் கோபித்துக்கொண்டார்கள். வசந்தத்தில் இரண்டு கேட்சரோடு வாருங்கள், இல்லாவிட்டால் உங்கள் இடத்தை வேறு அணிக்குக் கொடுப்போம் என்று சொல்லிவிட்டார்கள். இருந்த ஒருவரும் இப்போது டொரன்டோவில். பனி கொட்டத் தொடங்கவும் இவர்கள் ஆள் தேடத் தொடங்கவும் சரியாக இருந்தது.

தேர்வு நடந்த இடம் எங்கள் வீட்டு பேஸ்மென்ட். யாரைக் கேட்டு முடிவெடுத்தார்கள் என்று எனக்கு இன்றைக்கும் தெரியாது. ஞாயிற்றுக்கிழமை அணியின் கப்டன் மூன்று நான்கு பேரோடு வருவார், வாசலெல்லாம் பனிச்சேறு, நான் தேத்தண்ணீர் போடவேண்டும்.

முதலில் வந்தவர் ஒரு களஞ்சியசாலையில் வேலை செய்கிறவர். பள்ளிக்கூடக் காலத்தில் பெயர்பெற்ற விக்கெட் கீப்பர் என்று கப்டன் அறிமுகம் செய்தார். அவரைக் குந்தச் சொன்னால், வேகப்பந்துக்குக் கிட்ட நிற்கிறது மடைத்தனம் என்று பின்னால் பின்னால் போய்க்கொண்டிருந்தார். கடைசியில் உடுப்புத் தோய்க்கும் இயந்திரத்தோடு முட்டி நின்றுகொண்டு "இப்ப எறியுங்கோ" என்றார். மைதானத்திலும் அப்படித்தான் நிற்பாராம். அவர் நிற்கிற தூரத்துக்குப் பந்து உருண்டுதான் போய்ச்சேரும்.

அடுத்தவர் புரோசார்டிலிருந்து பாலம் தாண்டி வந்த கடைக்காரர். அவர் சொன்னவுடன் குந்தினார். வந்த பந்துகளையும் பிடித்தார். எல்லோருக்கும் முகம் மலர்ந்துவிட்டது. பிறகுதான் அவரால் எழும்ப முடியாது என்று தெரிந்தது. இரண்டு பேர் கக்கத்தில் கைகொடுத்துத் தூக்கினார்கள். போகும்போது என்னிடம் வெந்நீர்ப் பை கேட்டு வாங்கி இடுப்பில் கட்டிக்கொண்டு போனார், அது இன்னும் திரும்பி வரவில்லை.

இதற்கிடையில் என் கணவருடைய ஒன்றுவிட்ட தம்பியின் மகளுக்குக் கலியாணம். மண்டபம் எங்கள் வீட்டிலிருந்து நடக்கிற தூரம். அழைப்பிதழைப் படம் பிடித்துக் கைத்தொலைபேசியில் அனுப்பியிருந்தார்கள். இவர் ஒரேயடியாக மறுத்துவிட்டார். வீட்டை வந்து சொல்லாத கலியாணத்துக்கு நாங்கள் போறேல்லை, அது நீரோ நானோ உண்டாக்கின முறையில்லை என்றார். நான் தைத்து வைத்திருந்த பிளவுஸ் அலுமாரியில் தொங்கியது. அன்றைக்கு எனக்கு வந்த எரிச்சல் கொஞ்சநஞ்சமல்ல.

கை விறைத்துப்போகாமல் இருக்கவேண்டும் என்று இவர் தினமும் வேலையால் வந்து பேஸ்மென்டில் எறியத் தொடங்கினார். சுவரில் ஒரு பழைய மெத்தையைச் சாத்திவைத்து அதற்கு எறிவார். ஒருநாள் பந்து மெத்தையைத் தவறி என் டீப் பிரீசரில் பட்டு மூடி நசிந்தது. உள்ளே ஊரிலிருந்து வந்த ஒடியல்மா, திருக்கை மீன், கறிவேப்பிலை, என் உயிர் முழுக்க அதற்குள்தான் இருக்கிறது. கோதாரி விழுந்த விளையாட்டு என்று ஏசிக்கொண்டே, கேட்சர் விட்டுப்போன முகமூடியையும் கையுறையையும் மாட்டிக்கொண்டு பிரீசருக்கு முன்னால் போய்க் குந்தினேன். இனி எறியுங்கோ பார்ப்பம் என்றேன்.

எறிந்தார். பிடித்தேன்.

பெரிய வித்தை ஒன்றுமில்லை. நான் சின்னப்பிள்ளைகளைப் பார்க்கிற கார்தெரியில் வேலை. குளிர்காலத்தில் ஒவ்வொரு பிள்ளைக்கும் பனிச்சப்பாத்து மாட்ட, கழற்ற, மூக்குத் துடைக்க என்று நாள் முழுக்கக் குந்தின குந்துதான். லெகோ, பழம், சப்பாத்து என்று எது எந்தப் பக்கத்தால் பறந்து வரும் என்று பிள்ளையின் தோளைப் பார்த்தே சொல்லிவிடுவேன். அந்தக் கண்ணுக்கு இவருடைய பந்து மரியாதையாக வந்தது.

முதல் வாரம் பிரீசருக்காகக் குந்தினேன். பிறகு எனக்காகக் குந்தினேன். பந்து கையுறைக்குள் விழுகிற அந்தச் சத்தம் எனக்குப் பிடித்துப்போனது. வேலையில் நின்றுகொண்டே, இன்றைக்கு எப்போது வீட்டுக்குப் போவோம் என்று நினைத்திருக்கிறேன். இவரும் என்னோடு இவ்வளவு நேரம் ஒரு விஷயத்தைப் பற்றிக் கதைத்தது அந்தக் குளிர்காலத்தில்தான். இன்னும் கொஞ்சம் கீழ, இன்னும் கொஞ்சம் வலப்பக்கம் என்று நான் கையுறையைக் காட்டுவேன், மனிசன் அப்படியே எறிவார். கலியாணம் கட்டி இத்தனை வருஷத்தில் நான் காட்டின பக்கம் இவர் போனது அதுதான் முதல்தடவை.

மூன்றாவதாக வந்தவர் சென்னைக்காரர், டவுன்டவுனில் கணினி வேலை. அவர் பிடித்தால் பசைபோட்ட மாதிரிப் பந்து ஒட்டும். ஒரே ஒரு குறை. பிடித்தவுடன் சந்தோஷத்தில் பந்தை மேலே எறிந்துவிடுவார். கிரிக்கெட்டில் பிடித்தால் அடித்தவர் அவுட், ஆட்டம் அந்த இடத்தில் நின்றுவிடும், எறிந்து கூத்தாடலாம். பேஸ்பாலில் ஒருவர் அவுட்டானாலும் மற்றவர்கள் ஓடலாம். பந்து ஆகாயத்தில் சுற்றிக்கொண்டிருக்க எதிரணி ஓடி முடித்து வீடு போய்ச் சேர்ந்துவிடும். முதல்நாளே எங்கள் டியூப்லைட் உடைந்தது.

"சாரிங்க அக்கா, பழக்கதோஷம்" என்றார்.

எறிகிற பழக்கத்தை விடவைப்பதற்கு நான்தான் பக்கத்தில் குந்தியிருந்து செய்துகாட்டினேன். பிடி, நெஞ்சோடு அணை, ஓடுகிறவனைப் பார். கப்டன் ரோல்ஸைக் கடித்தபடி பார்த்துக்கொண்டிருந்தார். நான் பிடித்த பந்துகளை எல்லோரும் பார்த்தார்கள். பிறகு வட்டமாக இருந்து, சரி, ஒருவர் கிடைத்துவிட்டார், இரண்டாவது கேட்சருக்கு எங்கே போவது, ஒட்டாவாவில் யாரும் இருப்பார்களா என்று யோசித்தார்கள். நான் முகமூடியைக்கூடக் கழற்றவில்லை. நான் அந்த அணியில் விளையாட ஆசைப்பட்டேன், அவ்வளவுதான் விஷயம். ஆனால் என் வாயால் கேட்கமாட்டேன், தலைகீழாக நின்றாலும் கேட்கமாட்டேன்.

இரண்டு ஞாயிறு கழிய, ஒட்டாவாவில் தேடிப்பிடித்த ஒருவரும் கைவிரித்தபிறகு, கப்டன் வாசலில் சப்பாத்துப் போட்டுக்கொண்டு, மேலே நிமிராமலே சொன்னார்.

"அக்கா, பேந்து ஆள் கிடைக்காட்டி நீங்களும் ஒருக்கா வந்து குந்துங்கோவன்."

"வீட்டை வந்து சொல்லாத கலியாணத்துக்கு நாங்கள் போறேல்லை, தம்பி" என்று கதவைச் சாத்தினேன்.

இவர் சோபாவில் இருந்து சிரித்தார். அவன் வீட்டில் நின்றுதானே சொன்னவன் என்றார். அவன் வந்தது ரோல்ஸ் தின்ன, சொல்லுறதுக்கு எண்டு வாறது வேறை என்றேன். முறை பற்றி எனக்கு வகுப்பெடுத்தவர் எழும்பி பேஸ்மென்டுக்கு எறியப் போனார். அடுத்த ஐந்தாறு நாள் நான் பேஸ்மென்டுக்கும் இறங்கவில்லை. கீழே மெத்தையில் பந்து படுகிற சத்தம் மட்டும் கேட்டது. இடைக்கிடை பிரீசரிலும் பட்டது. படட்டும் என்று விட்டேன்.

பங்குனி பிறந்தும் பனி விடவில்லை. ஒரு சனிக்கிழமை மணி அடித்தது. கதவைத் திறந்தால் கப்டன் வேட்டி சால்வையோடு, வேட்டிக்குக் கீழே பனிச்சப்பாத்து. பக்கத்தில் அவருடைய மனைவி பட்டுச்சேலைக்கு மேல் குளிர்க்கோட்டோடு, கையில் தட்டம். வாழைப்பழம், வெற்றிலை, பாக்கு, நடுவில் அணியின் தொப்பி ஒன்று. எனக்குச் சிரிப்பு வந்தது, அடக்கிக்கொண்டேன். மரியாதையாக உள்ளே கூப்பிட்டு இருத்தினேன். இவரும் நல்ல பிள்ளையாக வந்து என் பக்கத்தில் இருந்தார்.

கப்டன் தொண்டையைச் செருமினார். எல்லாக் கலியாண அழைப்புக்காரர்களையும் போலவே வீட்டு ஆம்பிளையைப் பார்த்துத் தொடங்கினார். அண்ணை, வாற சீசனுக்கு நீங்கள் கட்டாயம் வரவேணும், அக்காவையும் கூட்டிக்கொண்டு வாங்கோ என்றார். இவர் ஓமோம், வருவா என்று தட்டத்துக்குக் கையை நீட்டினார்.

"கேட்டது இவரை. ஓம் எண்டதும் இவர். என்னை ஒருத்தரும் இன்னும் கேக்கேல்லை" என்றேன்.

கப்டனின் மனைவி வாழைப்பழத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். இவர் நீட்டின கையை மடக்கினார். எழும்பினார். கோட்டைப் போட்டார், சப்பாத்தை மாட்டினார், கதவைத் திறந்து வெளியே போய்விட்டார். போச்சு, மனிசனுக்குக் கோபம் வந்துவிட்டது, ஆட்களுக்கு முன்னால் இப்படிச் சொல்லியிருக்கக்கூடாது என்று நினைத்தேன். கப்டன் தட்டத்தை எடுப்பதா விடுவதா என்று தெரியாமல் இருந்தார்.

மணி அடித்தது.

போய்த் திறந்தேன். தன்னுடைய வீட்டு வாசலில், தலையில் பனி விழ, என் கணவர் நின்றார். கோட்டுப் பொத்தான் எல்லாம் ஒழுங்காகப் பூட்டியிருந்தார். உள்ளே வரவில்லை.

"உம்மட்டைத்தான் சொல்ல வந்தனான்" என்றார். "வாற சீசனுக்கு நீர் வரவேணும். மெத்தைக்கு எறிஞ்சு பாத்திட்டன். சரிவரேல்லை. நீர் கை காட்டினாத்தான் எனக்கு எறிய வருது."

எனக்குக் கண் கலங்கிவிட்டது. அழுதால் கப்டன் ஊரெல்லாம் சொல்லிவிடுவார் என்பதால், சொல்ல வருகிறவர்களிடம் எல்லோரும் கேட்கிற கேள்வியையே நானும் கேட்டேன்.

"எந்த இடம், எத்தினை மணிக்கு?"

பூங்காவையும் நேரத்தையும் சொன்னார். சாப்பாட்டு நேரத்துக்கு மட்டும் தலைகாட்டுகிற ஆட்களில்லை நாங்கள், தொடக்கத்துக்கே வருவோம் என்றேன். பிறகு உள்ளே கூப்பிட்டு இருத்தி, மற்ற விருந்தாளிகளைப் போலவே அவருக்கும் ஒரு தேத்தண்ணீர் போட்டுக் கொடுத்தேன்.