பாட்டு முடிந்தால் சிலுவை போடுகிறவர்

சோனகத் தெரு தர்காவில் கந்தூரி நடக்கிற நாட்களில் குருநகர் மீன்காரர் ஒருவர் தவறாமல் வருவார். அகன்ற தோள், உப்புக் காற்றில் செம்பட்டையாகிப்போன தலைமயிர், கழுத்தில் செபமாலை. மீன் மணம் மற்றவர்களுக்கு இடைஞ்சலாக இருக்குமென்று சைக்கிளையும் மீன்பெட்டியையும் எதிர் மதிலோடு விட்டுவிட்டு, கடைசி வரிசையில் சம்மணம் கட்டி இருப்பார்.

பக்கீர்மார் றபான் மேளத்தைத் தட்டி அரபில் பாடத் தொடங்கினால் அவருடைய கண் மூடிவிடும். கண்ணீர் வழியும், துடைக்கமாட்டார். பாட்டு முடிந்ததும் பழக்கதோஷத்தில் சிலுவை அடையாளம் போட்டுக்கொள்வார். முதலில் சிலர் திரும்பிப் பார்த்தார்களாம். பிறகு கந்தூரிச் சோற்றில் அவருக்கென்று ஒரு பங்கு எடுத்துவைத்தார்கள். பாட்டுக் கேட்கப் போன நான் பாதி நேரம் அவரைத்தான் பார்த்துக்கொண்டிருப்பேன்.

ஒருமுறை கேட்டேவிட்டேன்.

"அண்ணை, அரபு உங்களுக்கு விளங்குதோ?"

"எங்கடை பூசை முந்தி லத்தீனிலைதானே தம்பி. அதுவும் விளங்கேல்லை. ஆனா அழுகை ரெண்டுக்கும் வரும்" என்று சிரித்தார்.

சண்டைக் காலத்தில் முஸ்லிம் சனம் முழுவதையும் இயக்கம் ஊரைவிட்டு வெளியேற்றிய அடுத்த வருடம், கந்தூரி மாதத்தில் அந்தத் தெருவால் போனேன். வீடுகள் கதவில்லாமல் கிடந்தன. பூட்டிய தர்கா வாசலில் அவர் கண்ணை மூடிக்கொண்டு இருந்தார்.

மணம் என்று முகம் சுளிக்க அங்கே ஒருவரும் இல்லை. சைக்கிளும் மீன்பெட்டியும் எதிர் மதிலோடுதான் நின்றன.