படியில்லாத ஜீப்

ஜீப்பைச் சித்தூருக்கு அனுப்பும்போது மூன்று வேலைதான் சொன்னேன். கிளட்ச் பிளேட்டை மாற்றவேண்டும். பிரேக் ஒரு பக்கம் இழுக்கிறது, அதைப் பார்க்கவேண்டும். ஸ்டியரிங்கில் ஆட்டம் இருக்கிறது, அதைச் சரிசெய்யவேண்டும். மகனுக்கு முன்னால் மூன்று விரல்களை மடக்கிக் காட்டித்தான் சொன்னேன். முப்பத்தொன்பது வயது, சித்தூரில் வங்கி வேலை, ஒர்க்‌ஷாப்பும் அவனுக்குத் தெரிந்தது. மூன்றுவரை எண்ணத் தெரிந்தவன் என்று நம்பினேன்.

எங்கள் வீடு கம்பம்மெட்டுக்கு மேலே, ஏலத்தோட்டங்களுக்கு நடுவில் இருக்கிறது. தார்ச்சாலை முடிந்தபிறகு இரண்டு கிலோமீட்டர் வெறும் பாறையும் மண்ணும்தான். ஆட்டோ ஏறாது, கார் ஏறாது. ஏலக்காய் பறிக்கும் பருவத்தில் வாடகை ஜீப்புகள் எல்லாம் காலையிலேயே கம்பத்திலிருந்து கூலிக்கு வரும் பெண்களை ஏற்றிக்கொண்டு தோட்டங்களுக்குள் போய்விடும். ஒரு நோயாளிக்காக வண்டியைத் திருப்ப ஒருவனும் வரமாட்டான். பள்ளிக்கூடத்தில் கணக்குச் சொல்லிக்கொடுத்து ஓய்வுபெற்ற வருடம் இந்த டீசல் ஜீப்பை வாங்கினேன். அப்போதே அது பழையது. இருந்தாலும் எங்களை இறக்கி ஏற்றிக்கொண்டிருந்தது.

சர்க்கரை நோய் என் மனைவியின் இடது கண்ணை முழுதாக எடுத்துக்கொண்டுவிட்டது. வலது கண்ணையாவது காப்பாற்ற, மாதத்துக்கு ஒன்றாக மூன்று ஊசி போடவேண்டும் என்று கம்பத்தில் டாக்டர் சொன்னார். கண்ணுக்குள்ளேயே போடுகிற ஊசி. "நடுவுல ஒண்ணு விட்டாலும் அப்புறம் எங்கிட்ட வந்து கேக்காதீங்க" என்றார். முதல் ஊசி போட்டு வந்தபிறகுதான் ஜீப் சித்தூர் போனது. இரண்டாவது ஊசிக்கு நான்கு நாள் இருக்கையில் திரும்பி வந்தது.

அது வந்த சத்தத்தை லாரி என்று நினைத்து வெளியே போனேன். என் ஜீப்தான். முகப்பிலும் கூரையிலுமாகப் பதினொரு விளக்குகள். எங்களுக்கு மேலே மலையில் இருப்பது இரண்டே வீடுகள், இரண்டிலும் சேர்த்தே அத்தனை பல்புகள் கிடையாது. பக்கவாட்டில் ஒரு கறுப்புக் குழாய் கூரைவரை ஏறி நின்றது. ஆற்றில் இறங்கினால் என்ஜின் அதன்வழியே மூச்சுவிடுமாம். எங்கள் பாதையில் இருப்பது ஒரு ஓடை, அதில் கணுக்கால்கூட நனையாது. பானெட்டின்மேல் வெள்ளையில் ஒரு மண்டையோட்டுப் படம் பல்லைக் காட்டிக்கொண்டிருந்தது. பார்த்த மாத்திரத்தில் எண்ணினேன், எட்டுப் பல்.

மகனோடு ஒர்க்‌ஷாப்காரரும் வந்து இறங்கினார். செய்த வேலையைத் தானே காட்டவேண்டும் என்று சித்தூரிலிருந்து கிளம்பி வந்திருக்கிறார்.

"ஏனுங்கய்யா, எப்படி நிக்குது பாத்தீங்களா? முன்னால எல்லாம் எருமையாட்டம் கெடந்துச்சுங்க. இப்பப் பாருங்க, புலியாட்டம்."

"பிரேக் பார்த்தீர்களா?"

"பிரேக்கெல்லாம் அப்புறம் பாத்துக்கலாமுங்க. மொதல்ல வண்டிக்கு ஒயரம் வேணுமில்லீங்களா. ஸ்பிரிங்குல ரெண்டு ரெண்டு பட்டை சேத்திருக்கேனுங்க. டயரும் பெரிசுங்க."

கதவோரம் குனிந்து பார்த்தேன். கால் வைத்து ஏறுகிற இரும்புப்படியைக் காணவில்லை.

"படி எங்கே?"

"அது பாறையில இடிக்குமுங்க. கழட்டிட்டோமுங்க."

"கழற்றி எங்கே வைத்தீர்கள்?"

"பழைய இரும்புக்குப் போட்டாச்சுங்க" என்றார், எனக்கு ஏதோ நல்லது செய்துவிட்டவர்போல.

மூன்றில் ஒன்றைத்தான் செய்திருந்தார்கள், கிளட்ச் பிளேட். ஸ்டியரிங்கைத் தொட்டுப் பார்த்தேன். அதே ஆட்டம், முன்னைவிடக் கொஞ்சம் கூடுதலாகவே. பின்னால் இருந்த இரண்டு பெஞ்சுகளும் இல்லை. அந்த இடத்தில் குறுக்கும் நெடுக்குமாக இரும்புக் குழாய்கள். வண்டி கவிழ்ந்தால் உள்ளே இருப்பவர்கள் நசுங்காமலிருக்க என்றான் மகன். கவிழ்ப்பதற்கென்றே முன்கூட்டி ஏற்பாடு செய்துகொண்டு கிளம்புகிற கூட்டத்தை அன்றுதான் கேள்விப்பட்டேன். சனி ஞாயிறுகளில் எங்கே சேறு இருக்கிறது என்று தேடிப்போய் அதில் வண்டியை இறக்கி, மாட்டிக்கொண்டு, இன்னொரு வண்டியைக் கட்டி இழுத்து, அதைப் படம்பிடித்து ஒருவருக்கொருவர் அனுப்பிக்கொள்கிறார்கள். கிறிஸ்துமஸ் விடுமுறையில் ஒரு போட்டி இருக்கிறதாம். அதற்கு என் ஜீப்.

உள்ளே எட்டிப் பார்த்தேன். என் மனைவி தைத்துப் போட்டிருந்த சீட் மெத்தைமேல் காய்ந்த சேறு. பீர் வாடை. சோதித்துப் பார்த்திருக்கிறார்கள்.

அவள் வாசலுக்கு வந்து வண்டியின் பக்கம் முகத்தைத் திருப்பி நின்றாள்.

"முன்னால வெள்ளையா என்னமோ பூ ஒட்டிருக்கியாடா? நல்லாத்தான் இருக்கு" என்றாள் மகனிடம்.

அவன் என்னைப் பார்த்தான். நான் மெத்தையிலிருந்த சேற்றைத் தட்டத் தொடங்கினேன்.

ஞாயிற்றுக்கிழமை ஜெபத்துக்குக் கோயிலுக்குப் புறப்படும்போதுதான் காரியம் விளங்கியது. முன்பு ஜீப்பின் தளம் தரையிலிருந்து மூன்று சாண், நடுவில் படி. இப்போது நாலே கால் சாண், படியும் கிடையாது. அவள் முட்டி தேய்ந்தவள், வீட்டு நடையில் ஏறுவதற்கே சுவரைப் பிடிப்பாள். மகன் பிளாஸ்டிக் ஸ்டூல் ஒன்றைக் கொண்டுவந்து போட்டான். அவள் ஒரு காலை ஸ்டூலில் வைத்து மறுகாலைத் தூக்கினாள். சரளையில் ஸ்டூல் வழுக்கியது. அப்படியே கீழே உட்கார்ந்துவிட்டாள். அடி ஒன்றும் இல்லை. கையைத் தட்டிக்கொண்டு எழுந்தாள்.

"நான் ஏறல. நீங்க போய்ட்டு வாங்க."

"நான் தூக்கி விடுறேம்மா" என்றான் மகன்.

"ஆமா, தூக்கிப் போடு. நான் என்ன மூட்டையா?"

அன்று மத்தியானமே அவனும் ஒர்க்‌ஷாப்காரரும் பஸ் ஏறிவிட்டார்கள். செவ்வாய்க்கிழமை ஊசி. திங்கட்கிழமை காலையில் தெரிந்த ஜீப்காரர்கள் ஐந்து பேருக்குப் போன் செய்தேன். ஐந்து பேருக்கும் தோட்டத்து லோடு. மகனுக்குச் செய்தேன்.

"இன்னும் கொஞ்சம் கனமான ஸ்டூலாப் போட்டு ஏத்துங்கப்பா."

"ஒங்க அம்மாவுக்குக் கண்ணு போய்டும்டா."

"அதுக்கு நான் இங்கருந்து என்னப்பா செய்ய? அடுத்த வாரம் வர்றேன்."

போனை வைத்துவிட்டேன். அந்த வண்டியைப் பார்க்கவே அருவருப்பாக இருந்தது. எந்த மலையிலும் ஏறுமாம், ஒரு கிழவியை மட்டும் ஏற்றிக்கொள்ளாதாம்.

அவள் சொன்ன மூட்டை என்ற சொல்தான் ராத்திரி முழுவதும் என் தலைக்குள் இருந்தது. எங்கள் வீட்டுக்குக் கீழே பாதை திரும்புகிற இடத்தில் இடுப்புயர மண்திட்டு ஒன்று உண்டு. பறித்த பச்சைக் காயை உலர்த்தும் ஸ்டோருக்கு அனுப்பும்போது மூட்டைகளை அதன்மேல் அடுக்கி வைப்பார்கள். ஜீப்பைத் திட்டோடு ஒட்டி நிறுத்தினால் மூட்டையைத் தூக்கவேண்டியதில்லை, தள்ளினால் போதும். இந்தப் பக்கத்துத் தோட்டம் எல்லாவற்றிலும் இப்படி ஒன்று இருக்கும்.

காலையில் அவளைக் கைபிடித்து, வீட்டுப் பக்கத்துச் சரிவு வழியாகத் திட்டின்மேல் கூட்டிப்போய் நிறுத்தினேன். வண்டியை மூன்று தடவை முன்னும் பின்னும் எடுத்து, கதவுப்பக்கம் திட்டை உரசும்படி நிறுத்தினேன். அவள் வீட்டு அறைக்குள் போவதுபோல் ஒரே எட்டில் உள்ளே வந்து உட்கார்ந்தாள்.

"மூட்டை ஏறியாச்சு" என்றாள். "எறக்குறது எப்படி?"

அதை நான் யோசித்திருக்கவில்லை.

கம்பம் இறக்கத்தில் எப்போதும் வளைவுகளை எண்ணிக்கொண்டே இறங்குவேன். அன்று எண்ணிக்கை பாதியிலேயே தவறிவிட்டது. ஒவ்வொரு வளைவிலும் வண்டி, தலையில் குடம் வைத்தவள்போல ஒரு பக்கம் சாய்ந்து தயங்கி நிமிர்ந்தது. ஸ்டியரிங்கைத் திருப்பினால் கொஞ்சநேரம் கழித்துத்தான் சக்கரம் கேட்டது. அவள் குழாயைப் பிடித்தபடி ஜெபம் சொல்லிக்கொண்டு வந்தாள். அந்த ஒர்க்‌ஷாப்காரரின் புலி கண்முன்னால் வந்துகொண்டே இருந்தது.

ஊருக்குள் வந்து திட்டு தேடினேன். ஆஸ்பத்திரி வாசல் சமதரை. பஸ் நிலையத்து மேடை மிகவும் தாழ்வு. கடைத்தெருவை இரண்டு சுற்று சுற்றினேன். கடைசியில் ஒரு சிமெண்டு கிடங்கின் முன்னால், லாரியில் மூட்டை ஏற்றுகிற மேடை கண்ணில் பட்டது. சாண் கணக்கில் பார்த்தாலும் சரியான உயரம். ஒட்டி நிறுத்தினேன்.

சுமை இறக்குகிறவர்கள் இரண்டு பேர் தலைத்துண்டோடு வந்தார்கள். பதினொரு விளக்குகளையும் பார்த்துவிட்டு ஒருவர் கேட்டார்.

"என்னய்யா, சினிமா வண்டியா? லோடு எறக்கணுமா?"

உள்ளிருந்து அவள்தான் சொன்னாள்.

"ஒரே உருப்படிதான்யா. எடை போடாம எறக்குங்க."

அவர்கள் சிரிக்கவில்லை. ஒருவர் கைகளைத் துண்டில் துடைத்துவிட்டு நீட்டினார். "வாங்கம்மா, பாத்து. சிமெண்டு வழுக்கும்." அவள் மேடைக்கு வந்தாள். சேலையெல்லாம் சாம்பல் நிறம். மேடையிலிருந்து தெருவுக்கு நான்கு படி, அங்கிருந்து ஆட்டோவில் ஆஸ்பத்திரி. பாதி ஆயுள் பள்ளிக்கூடத்தில் கழித்தவனின் மனைவி சிமெண்டோடு சிமெண்டாக இறங்கி வைத்தியத்துக்குப் போனாள். ஊசி போட்டாகிவிட்டது. சாயங்காலம் அதே மேடையில் ஏறினாள். அந்த இருவரும் காத்திருந்து கைகொடுத்தார்கள். சித்தூரிலிருந்து ஒரு போன்கூட வரவில்லை.

மறுநாள் கம்பம்மெட்டு ஜங்ஷனில் இருக்கும் மெக்கானிக்கிடம் வண்டியை விட்டேன். சேர்த்த பட்டைகளைக் கழற்றச் சொன்னேன். பழைய அளவில் நான்கு டயர் தேடிப் போட்டார். மூச்சுக்குழாயை அறுத்து எடுத்தார். விளக்குகளில் இரண்டு மிஞ்சின. பிரேக்கும் ஸ்டியரிங்கும் அவர் கையால்தான் சரியாயின. உலர்த்தும் ஸ்டோரில் உடைந்து கிடந்த இரும்புச் சட்டம் ஒன்றை வளைத்து, முன்னைவிட அகலமாக ஒரு படி வைத்து வெல்டிங் செய்தார். அவள் ஏறி இறங்கி, மறுபடி ஏறிப் பார்த்தாள்.

மகனுக்கு யாரோ படம் அனுப்பியிருக்கிறார்கள்.

"என்னப்பா இப்படிப் பண்ணிட்டீங்க, வண்டியோட லுக்கே போச்சு. போட்டிக்குப் பேர் கொடுத்தாச்சு."

"வேற வண்டி பாத்துக்க" என்றேன்.

மூன்றாவது ஊசிக்குப் படியில் ஏறித்தான் போனாள். அதற்குப்பின் சில வாரங்கள் கண்ணைப் பற்றி நான் ஒன்றும் கேட்கவில்லை. விரல்களைக் காட்டி எத்தனை என்று கேட்டால் எரிச்சல்படுவாள், "ஒங்க பள்ளிக்கூடப் பிள்ளையா நான்?" என்பாள்.

ஒருநாள் காலை முற்றத்தில் துணி உலர்த்திக்கொண்டிருந்தவள் ஜீப்பின் முன்னால் போய் நின்றுவிட்டாள். வெகுநேரம் நின்றாள். பானெட்டின்மேல் குனிந்தாள். பிறகு திரும்பினாள். முகம் சுளித்திருந்தது.

"ஏங்க. இது பூவா?"

நான் நாற்காலியிலிருந்தபடியே கழுத்தை நீட்டிப் பார்த்தேன்.

"மண்டையோடுங்க இது. பாவி, இத ஒட்டிக்கிட்டா என்னைக் கோயிலுக்கு ஏத்தப் பாத்தான்? தூ. ஒம்பது பல்லு வேற."

"எட்டு" என்றேன்.

"ஒம்பது. ஓரத்துல ஒண்ணு ஒடஞ்சிருக்கு, வந்து பாருங்க."

எழுந்து போய்க் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு பார்த்தேன். ஒன்பதுதான். அவள் அதற்குள் சமையலறைக்குப் போய்த் தோசைத்திருப்பியை எடுத்துவந்து, பல்வரிசைப் பக்கமிருந்தே சுரண்டத் தொடங்கியிருந்தாள்.