புகாரில் நாலாவது பெயர்

என் தங்கை புருஷன் சவரிராஜ், கீரப்பாளையம் பக்கம் வாய்க்கால் மதகைத் திறந்து மூடும் லஸ்கர். கடைமடைக்குப் போகவேண்டிய தண்ணீரைத் தங்கள் வயலுக்குத் திருப்பச் சொல்லி அண்ணன் தம்பிகள் மூன்று பேர் வந்தார்கள். மறுத்தார். மதகைத் திருகும் இரும்புக் கம்பியாலேயே அவர் வலது முழங்கையை நொறுக்கினார்கள். விழுந்தவரை வாயிலேயே மிதித்தார்கள். மூன்று பற்கள் போயின.

சிதம்பரம் ஆஸ்பத்திரியில் நான்தான் புகாரை எழுதினேன். எங்கள் பக்கம் புகார் என்றால் எதிராளி வீட்டு ஆண்கள் எல்லாரும் அதில் ஏறிவிடுவார்கள். நானும் அவன்களுடைய அண்ணன் பழனிவேலை நாலாவதாகச் சேர்த்தேன்.

சவரிராஜ் பேனாவைப் பிடுங்கி, இடது கையால் அந்தப் பெயரின் மேல் கோடு கிழித்தார்.

"அவன் அங்க இல்ல மச்சான். ஆண்டவர் முன்னால எப்பிடி நிப்பேன்?"

"ஆண்டவரா வந்து பல்லு கட்டிவுடப் போறாரு?" என்று கத்தினேன்.

விசாரணையில் அதே பழனிவேல் தம்பிகளுக்குச் சாட்சியாகக் கூண்டேறினான். சவரிராஜ் குடித்துவிட்டு மதகிலிருந்து விழுந்ததைக் கண்ணால் பார்த்ததாகச் சத்தியம் செய்தான். மூவரும் விடுதலை.

கோர்ட்டு வாசலில் சவரிராஜின் சட்டையைப் பிடித்து உலுக்கினேன்.

"சொல்லுய்யா மாப்ள, அவன் பேர எதுக்குய்யா எடுத்த? புகார்ல அவனும் இருந்திருந்தா சாட்சி சொல்ல வந்திருக்க முடியுமா?"

"அன்னிக்கி அவன் அடிக்கல மச்சான்," என்றார். "இன்னிக்கிதான் அடிச்சான்."