வளைவுதோறும் நின்ற லாரி

ஒன்பது வருஷம் மாட்டுவண்டி ஓட்டிய வீரய்யா, 1925இல் இலங்கை மலைநாட்டில், ஸ்பிரிங்வெளிக்கு மேலே ஒரு தோட்டத்து லாரியை ஓட்டினான். பனி இறங்கிய நாளில், மலை தன் பக்கமாக வரும் ஒவ்வொரு வளைவுக்கு முன்பும் எஞ்சினை அணைத்துவிட்டுக் காது கொடுப்பான். பிறகு இறங்கி, லாரியின் முன்னால் இருக்கும் கைப்பிடியைச் சுழற்றி எஞ்சினைக் கிளப்புவான். இதனால் தேயிலைப் பெட்டிகள் இரண்டு முறை பதுளை ரயிலைத் தவறவிட்டன. மூன்றாவது முறையும் தவறினால் லாரி வேறு ஆளுக்கு என்று தோட்டத்துத் துரை சொல்லிவிட்டார்.

அன்று பார்த்து நல்ல பனி. பக்கத்தில் கடிகாரமும் கையுமாகக் கணக்கப்பிள்ளை தம்பையா.

"எத்தன தடவடா நிப்பாட்டுவ? ஹாரன அடிச்சுக்கிட்டே போ."

"அது நம்ம வர்றதத்தான் சொல்லும், ஐயா. எதிர்ல வர்றது காதுல விழாது."

"முன்னால ரெண்டு மாட்டக் கட்டிரவா?"

"கட்டுங்க. கைப்பிடி சுத்துற வேல மிச்சம்."

ஏழாவது வளைவு. எஞ்சின் அடங்கியதும் ஓடைச் சத்தம் எழுந்தது. அதற்குள்ளே இன்னொன்று: சக்கரத்தின் இரும்புப் பட்டை கல்லில் உரசும் ஓசை. வீரய்யா கைப்பிடியைத் தொடவில்லை.

"நேரமாவுது, கிளப்புடா."

"வருதுங்க. நம்ம பக்கமாவே வருது."

வெள்ளைக்குள்ளிருந்து முதலில் கொம்புகள் வந்தன. பிறகு ஆவி பறக்கும் மூச்சு. பிறகு இரண்டு காளைகள், லாரியின் மூக்குக்கு ஒரு முழத்தில் நின்றன. காளைக்குப் பள்ளம் என்றால் பயம். ஓட்டுபவன் கண்ணயர்ந்தால் மலையோரமாகவே ஒதுங்கி வரும். பின்னால் வண்டியில், அரிசி மூட்டைமேல் தூங்கிக்கொண்டிருந்த வண்டிக்காரர் மொஹிதீன் திடுக்கிட்டு எழுந்தார்.

"வீரய்யாவா? வழிய மறிச்சு நிக்கிறியே."

"நீங்கதான் என் பக்கம் வந்துட்டீங்க, பாய்."

"அசந்துட்டேன்பா. நீயும் இந்த எடத்துல தூங்குனவன்தானே."

"அதான் நிப்பாட்டுனேன்."

மொஹிதீன் வண்டியை ஒதுக்கியதும் தம்பையா இறங்கி, கோட்டைக் கழற்றி இருக்கையில் எறிந்துவிட்டுத் தாமே கைப்பிடியைச் சுழற்றினார். மீதியிருந்த நான்கு வளைவுகளிலும் லாரிக்கு முன்னால் ஓடி, எட்டிப் பார்த்து, "வாடா வீரய்யா, வா" என்று கத்தினார். எஞ்சினை அணைக்கவே வேண்டியிருக்கவில்லை. பதுளை ஸ்டேஷனில் கார்டு பச்சைக் கொடியைப் பிரிக்கும்போது கடைசிப் பெட்டி ரயிலேறியது.

மறுநாள் காலை, ஆள் கூட்டி வேலை பிரிக்கும் பெரட்டுக்களத்தில் துரை விசாரித்தார். தம்பையா இன்னும் நொண்டிக்கொண்டிருந்தார்.

"லாரிக்கு இன்னொரு ஆள் வேணுங்க, தொரை," என்றார். "வீரய்யாவுக்கு முன்னால ஓடுறதுக்கு."