எழுத்தெழுத்தாய் அழிந்த குறிப்பு

இது நடந்தது. நம்பாதவர்கள் நம்பாமலே இருக்கட்டும். இதில் வரும் நேரங்கள் எல்லாம் கஜானியின் லப்டொப்பில் பதிவானவை. இதைச் சொல்ல அவள் ஒரு வருடம் தயங்கினாள். பேய்க்குப் பயந்தல்ல. தான் செய்த காரியத்துக்கு வெட்கப்பட்டு.

செங்கலடிச் சந்தியிலிருந்து கொஞ்சம் உள்ளே, வாடகை வீடொன்றில் ஐந்து பேர் வேலை செய்யும் சிறிய ஆய்வு நிலையம். வாவியில் வெள்ளம் எப்படி ஏறும் என்று முன்கூட்டிக் கணக்கிடும் மென்பொருளை, யாரும் தங்கள் கணினியில் இலகுவாகப் போட்டுக்கொள்ளும்படி பொதி செய்வதுதான் கஜானியின் வேலை. அதன் பழைய பகுதி போட்ரான் என்ற பழைய கணினி மொழியில். எழுதியவர் நல்லரத்தினம் சேர், ஓய்வுபெற்ற பொறியியலாளர். புதிய பகுதி சி மொழியில், கஜானி எழுதியது.

எழுதியதைக் கணினி ஓட்டும் வடிவத்துக்கு மாற்றுவது கம்பைலர்; இரண்டு மொழியையும் ஒத்துப்போகும் கம்பைலர்களால்தான் கட்ட வேண்டும். அது கஜானிக்குத் தெரியாததல்ல. ஆனால் சேர் ஆறு வருடத்துக்கு முன் வேறொரு கம்பைலரால் கட்டிவைத்த கோப்பு கைக்கெட்டிய இடத்தில் கிடந்தது. புதிதாகக் கட்டினால் பாதி நாள் போகும். தன் பகுதியை மட்டும் புதிய கம்பைலரால் கட்டி, இரண்டையும் ஒட்டினாள். ஒட்டியது. ஓர் எச்சரிக்கைகூட வரவில்லை.

கூட்டத்தில் பெரிய திரையில் ஓடவிட்டார்கள். சோதனைக்குக் கொடுத்தது போன மார்கழி மழை. அந்த மழைக்கு வயல்வட்டைகள் மட்டும்தான் மூழ்கின என்பது எல்லோருக்கும் தெரியும். திரையிலோ செங்கலடிச் சந்தியே தண்ணீருக்குள் கிடந்தது. பின்வரிசையில் சிரித்தார்கள்.

"என்ன கஜானி இது?" என்றார் பொறுப்பாளர் உதயரூபன்.

"சேர் எழுதின பழைய பகுதியிலதான் பிழை."

வாய் முந்திவிட்டது.

நல்லரத்தினம் சேர் முன்வரிசையில்தான் இருந்தார். எழுபத்து மூன்று வயது. கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"அப்படியா புள்ள? இருக்கும்," என்றார். தேநீர்கூடக் குடிக்காமல் போய்விட்டார்.

நான்கு நாள் கழித்து உண்மை தெரிந்தது. ஒரு கேள்விக்கு வரும் 'ஓம்' என்ற பதிலைப் புதிய கம்பைலர் 1 என்று குறித்துவைக்கும். பழையது −1 என்று குறிக்கும். வாவி கடலோடு சேரும் முகத்துவாரம் திறந்திருக்கிறதா என்ற கேள்விக்கு, சேரின் பகுதி சரியாகவே 'ஓம்' சொல்லியிருந்தது. 1ஐ மட்டும் 'ஓம்' என்று ஏற்கும் கஜானியின் பகுதி அதை 'இல்லை' என்று எடுத்துக்கொண்டது. கடலுக்குப் போக வழியில்லாத தண்ணீர், கணக்கில், ஊருக்குள் ஏறியது.

முகம் சுட்டது. சேருக்குக் கோல் எடுக்கலாம் என்று அவருடைய இலக்கம் வரை போனாள். போனைக் கவிழ்த்து வைத்துவிட்டாள்.

வியாழக்கிழமை. மற்றவர்கள் தண்ணீர் அளக்க வாவிக்குப் போயிருந்தார்கள். தனியே இருந்து எல்லாவற்றையும் ஒரே குடும்பத்துக் கம்பைலர்களால் மீண்டும் கட்டினாள். மத்தியானம் 2.09க்கு முடிந்தது. கணக்கு சரியாக வந்தது. புதிய பதிப்போடு போகும் குறிப்பில் ஒரு வரி எழுத வேண்டும். எழுதினாள்.

'மூல ஆசிரியரின் பகுதியில் இருந்த பிழை திருத்தப்பட்டது.'

2.11. மின்சாரம் நின்றது. விசிறி மெல்லச் சுற்றி ஓய்ந்தது. லப்டொப் மட்டும் பற்றரியில் ஓடியது.

டக்.

பக்கத்து அறையில். யாரோ கீபோர்டில் ஒரு விசையைத் தட்டியதுபோல.

டக்... டக்...

"ஆரு?"

எழுந்துபோய்ப் பார்த்தாள். சேர் வந்தால் இருக்கும் மேசை. பழைய கணினி. திரை கறுப்பு. கதிரை மட்டும் மேசையை விட்டுத் தள்ளி... ஒருவர் உட்கார்ந்து வேலை செய்யும் தூரத்தில்.

பல்லியாக இருக்கும் என்று சொல்லிக்கொண்டு திரும்பி வந்தாள்.

குறிப்பில் 'திருத்தப்பட்டது' என்ற சொல் இல்லை.

எழுதாமல் விட்டுவிட்டேனோ? மறுபடி எழுதினாள். 2.17.

டக்.

கடைசி எழுத்து போனது.

டக்.

அதற்கு முந்தியது.

அவள் கைகள் மடியில் இருந்தன.

டக்... டக்... டக்...

அவசரம் இல்லை. கோபமும் இல்லை. ஒற்றை விரலால், பொறுமையாக.

'பிழை' போனது.

'ஆசிரியர்' போனது.

வெறும் திரை. வரி தொடங்கும் இடத்தில் ஒரு கோடு மட்டும் மினுங்கியது... அவள் எழுதட்டும் என்று.

என்ன எழுத வேண்டும் என்று அவளுக்குத் தெரியும். இரண்டே சொல். பிழை என்னுடையது.

எழுதவில்லை.

லப்டொப்பை அறைந்து மூடிவிட்டு, செருப்புக்கூடப் போடாமல் சந்தி வரை ஓடினாள்.

மறுநாள் காலை உதயரூபன் கோல் எடுத்தார். "நல்லரத்தினம் சேர் மோசம் போயிட்டார், கஜானி."

செத்த வீடு ஆரையம்பதியில். சேரின் மகள் வதனி அவள் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"நீங்கதானே கஜானி? கூட்டத்தால வந்த நாள்ல இருந்து அப்பா பழைய கொப்பியெல்லாம் எடுத்துவச்சி, எங்க நான் பிழை விட்ட எண்டு தேடினவர், தங்கச்சி. நித்திரையும் இல்ல."

கஜானி சொன்னது இருந்தவர்கள் எல்லோருக்கும் கேட்டது.

"அவர்ர பிழை இல்லக்கா. நான்தான் பிழை விட்ட. தெரிஞ்சும் சொல்லல்ல."

அன்று மாலையே கூட்டத்துக்கு வந்திருந்த அத்தனை பேருக்கும் அதை எழுதி அனுப்பினாள். அது பிறகு. வதனி அப்போது ஏசவில்லை. கையை மட்டும் விட்டுவிட்டாள்.

"வியாழக்கிழமை விடியவே அப்பாக்கு நினைவில்லாமப் போயிட்டு. ஆஸ்பத்திரியில கை கால் ஒண்டும் அசையல்ல. மத்தியானம் மட்டும் இந்த ஒத்த விரல்..." சுட்டுவிரலை மடக்கிக் காட்டினாள். "விரிப்பில தட்டிக்கிட்டே இருந்த. நேர்ஸும் பாத்தவ."

"எத்தின மணிக்கு அக்கா?"

"ரெண்டு பத்து, ரெண்டேகால் இருக்கும். மறுகா விரல் நிண்டுட்டு. கண்ணத் திறந்தவர். பின்னேரம் ஆறு மணிக்கு உசிர் போகுமட்டும் மூடல்ல, தங்கச்சி. ஆரோ ஒண்டு சொல்லி முடிக்கட்டும் எண்டு பாத்துக்கிட்டு இருக்கிற மாதிரி..."